இல்லாத கறுவாத் தோட்டம்

பீலிக்ஸ் வேலை முடிந்து வந்தால் அகஸ்ரீனா அவனைக் கதவடியிலேயே மறித்துவிடுவாள். ஸ்ஃபெர்ராகவால்லோவில் மீன் உணவகமொன்றின் குசினியில் நாள் முழுக்க நின்றுவிட்டு வருகிறவன் உடம்பில் வேறென்ன மணக்கும்? உடுப்பைக் கழற்றி வாளிக்குள் போட்டு, எலுமிச்சைச் சவர்க்காரத்தால் கைகால் கழுவிய பிறகுதான் உள்ளே வரலாம். "நானும் நீயும் பேசாலையில பிறந்த ஆக்கள்தானே, மீனுக்கு என்ன இவ்வளவு அருவருப்பு?" என்று கல்யாணம் கட்டிய புதிதில் அவன் கேட்டதுண்டு. பிறகு கேட்பதை விட்டுவிட்டான்.

இலங்கையிலிருந்து இத்தாலியின் பலெர்மோவுக்கு வந்த நாள்முதல் அவர்கள் அல்பெர்கேரியாவில்தான் இருந்தார்கள், பலாறோ சந்தைக்குப் பின்னால், வெயில் எட்டிப் பார்க்காத ஒரு சந்தில், மூன்றாம் மாடியில். ஒரே மகள் றெபேக்கா பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தாள். அகஸ்ரீனா காலையில் படியிறங்கிப் பொலிதேயாமாப் பக்கம் நடந்து போய், மர்செல்லா என்ற ஓய்வுபெற்ற சரித்திர ஆசிரியையின் வீட்டில் வேலை செய்தாள். கூட்டித் துடைத்து, உடுப்பு மினுக்கி, மத்தியானச் சமையலும் முடித்துக் கொடுப்பாள். ஐம்பதை நெருங்கிய மனுசி. வேலையில் சுத்தம், பேச்சில் அடக்கம். யாராவது பாராட்டினால் மட்டும் முகம் சின்னப் பிள்ளையுடையதைப்போல மலர்ந்துவிடும்.

சிஞ்ஞோரா என்று அகஸ்ரீனா மரியாதையாக அழைக்கும் மர்செல்லாவுக்கு ஒரு வினோதமான விருப்பம் இருந்தது. நோர்மன் அரசர்கள் சிசிலியை ஆண்ட காலத்து மனிதரைப்போல உடுத்தி, உண்டு, கூடாரமடித்து வருடத்தில் சில நாட்கள் வாழ்ந்து பார்க்கும் கூட்டமொன்றில் அவரும் ஒருவர். அங்கே வங்கி மனேஜர் இரும்பு வளையச் சட்டை போட்டுப் போர்வீரன் ஆவார். பல் வைத்தியர் தோல் தைப்பார். வேடிக்கை பார்க்கச் சனம் குடும்பம் குடும்பமாக வரும். மர்செல்லாவின் பொறுப்பு அடுக்களை. அதில் அவரைப்போலக் கண்டிப்பானவர் கிடையாது. தக்காளி கூடாது, உருளைக்கிழங்கு கூடாது, சோளம் கூடாது, மிளகாய் கூடவே கூடாது. இதெல்லாம் அமெரிக்காவிலிருந்து பிறகு வந்தவை, அந்தக் காலத்து அரசனே கண்டிருக்க மாட்டான் என்பார். மண்சட்டி, விறகு, இரும்பு முக்காலி, மரக்கரண்டி. முள்ளுக்கரண்டியைக் கண்டால் பிடுங்கித் தன் பைக்குள் போட்டுக்கொள்வார்.

அவருக்கு உதவியாக இருந்த பெண்ணுக்கு ஒருமுறை கை சுளுக்கிவிட, சட்டி கழுவ ஆள் தேவைப்பட்டது. அப்படித்தான் அகஸ்ரீனா அந்தக் கூட்டத்துக்குள் போனாள். சணல் துணியில் தைத்த நீளமான அங்கியும் தலைத் துண்டும் கொடுத்தார்கள். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மடிக்குள் வைக்கச் சொன்னார்கள். மிளகாய் இல்லாத சமையலும் ஒரு சமையலா என்று நினைத்துக்கொண்டே அவள் சட்டிகளைச் சாம்பல் போட்டுத் தேய்த்தாள்.

அன்று மத்தியானம் சிஞ்ஞோரா வாசனைச் சரக்குகளைச் சின்னச் சின்னத் துணிப் பைகளிலிருந்து எடுத்துப் பரப்பினார். கறுவாப்பட்டை, கராம்பு, இஞ்சி, அவற்றோடு கறுத்து நீண்ட காய்போல ஒன்று. அதைக் கண்டதும் அகஸ்ரீனா தன்னையறியாமல், "திப்பிலி," என்றாள்.

"உனக்கு இது தெரியுமா?"

"எங்கள் வீட்டில் இருக்கும்."

அதில் பொய் இல்லை. தடிமன், இருமல் வந்தால் அம்மா வறுத்துப் பொடியாக்கித் தேனில் குழைத்துத் தருவாள். மருந்து என்ற சொல்லை இத்தாலிய மொழியில் தேடிக்கொண்டிருந்தபோதே சிஞ்ஞோரா அடுத்ததைக் கேட்டார்.

"கறுவாவும் இருந்ததா?"

"இருந்தது." அதிலும் பொய் இல்லை. இலங்கையில் எந்த வீட்டுக் கறிக்குள்தான் ஒரு துண்டுக் கறுவா கிடக்காது?

"அப்படியென்றால் உன் அப்பா இதையெல்லாம் வியாபாரம் செய்தவரா?"

மர்செல்லாவின் கண்கள் விரிந்திருந்தன. பின்னால் இரண்டு மூன்று பேர் வேலையை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார்கள். அந்த நாட்டுக்கு வந்தது முதல் அவளுடைய தகப்பனைப் பற்றி யாரும் இப்படி விசாரித்ததில்லை. வதிவிட அனுமதிக்குப் போன கெஸ்தூராவில், அந்தப் பொலிஸ் கந்தோரில், பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார்கள், அவ்வளவுதான். இப்போது முதன்முறையாக, ஏதோ அருமையான பதில் வரப்போகிறது என்ற முகத்தோடு மனிதர்கள் காத்திருந்தார்கள்.

"சீ," என்றாள் அகஸ்ரீனா.

இத்தாலியர் ஆம் என்பதை அப்படித்தான் சொல்கிறார்கள். அவள் வாயிலிருந்து வந்த அந்தச் சொல் தமிழ்க் காதிலும் ஒருமுறை விழுந்து, உள்ளே எங்கோ சுருக்கென்று குத்தியது. ஆனால் அதற்குள் சிஞ்ஞோரா அவளைக் கையில் பிடித்துச் சட்டி கழுவும் இடத்திலிருந்து அடுப்படிக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

பிறகு நடந்ததற்கெல்லாம் அவளுடைய கைத்திறமையும் காரணம்தான். சிஞ்ஞோரா சொல்லிக் கொடுத்ததைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். கோழி நெஞ்சை அவித்து நூல் நூலாகப் பிய்த்து, வாதுமைப் பாலும் அரிசி மாவும் சீனியும் விட்டுத் துழாவி, வெண்மை கெடாமல் இறக்கும் பியாங்கோமாஞ்சாரே அவள் கையில் நன்றாக வந்தது. பொரித்த மீனை வெங்காயம், காடி, தேன், முந்திரிகை வற்றலோடு ஊறப்போடும் புளியினிப்பும் வந்தது. எல்லாம் சிஞ்ஞோராவிடம் கற்றவை. ஆனால் வந்தவர்களுக்குச் சிஞ்ஞோரா சொன்ன கதை வேறு. "இவள் சிலோன்காரி. தகப்பன் வழியில் வாசனைச் சரக்கு வியாபாரிகள். இந்தக் கை பரம்பரைக் கை."

கதை அடுத்தடுத்த கூடல்களில் வளர்ந்தது. பெரும்பாலும் அவர்கள் கேட்பார்கள், அவள் தலையாட்டுவாள். தோட்டம் இருந்ததா? இருந்தது. கப்பலில் போகுமா? போகும். ஒரு பின்னேரம் மட்டும், நெருப்பைச் சுற்றி எல்லோரும் இருந்தபோது, யாரும் கேளாமல் அவளே சொன்னாள். "அப்பா எப்போதும் வெள்ளை வேட்டிதான் கட்டுவார். முன்னால் பித்தளைத் தராசு. கறுவாவைக் கையில் எடுத்தாலே என்ன நிறை என்று சொல்லிவிடுவார்." எல்லோரும் அமைதியாகக் கேட்டார்கள். அவளுக்கே அந்த மனிதரைப் பிடித்துப்போயிற்று.

மே மாதத்தில் நகரத்துக்கு வெளியே பழைய கோட்டையொன்றின் வெளியில் பெரிய கூடல் நடந்தது. றெபேக்காவும் முதன்முறையாகத் தாய் அங்கே சமைப்பதைப் பார்க்க வந்திருந்தாள். அகஸ்ரீனா இடுப்பில் துணியைச் செருகிக்கொண்டு இரண்டு அடுப்புகளுக்கும் நடுவில் நின்றாள். பியாங்கோமாஞ்சாரே கொதித்துத் திரளத் தொடங்கியிருந்தது. சனம் கயிற்றுக்கு அப்பால் நெருங்கி நின்றது. சிஞ்ஞோரா உரத்த குரலில் வழக்கமான அறிமுகத்தைத் தொடங்கினார். கறுவாத் தோட்டம், கப்பல்கள், வெள்ளை வேட்டி, பித்தளைத் தராசு.

"அம்மா, தவ்வேரோ? உண்மையா?" என்று றெபேக்கா கயிற்றோரம் நின்றபடி கேட்டாள். முகமெல்லாம் சிரிப்பு. "அம்மப்பா பிசினஸ் செய்தவர் எண்டு மட்டும்தானே சொன்னனீங்கள். இதை ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

அகஸ்ரீனா துழாவுவதை நிறுத்தாமல் நிமிர்ந்தாள். மகளுக்குப் பக்கத்தில், சக்கர நாற்காலியொன்றின் பிடியைப் பிடித்தபடி, றோசமலர் நின்றுகொண்டிருந்தாள்.

றோசமலர் அவளுடைய சித்தப்பாவின் மகள். அதே பேசாலை, அடுத்தடுத்த வீடு. பலெர்மோவில் நடக்க முடியாத ஒரு கிழவரைப் பராமரிக்கும் வேலையில் இருந்தாள். கிழவருக்குக் குதிரைகளைப் பார்க்க ஆசை வந்ததால் அவரைத் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறாள். அகஸ்ரீனா இங்கே சமைப்பது அவளுக்குத் தெரியாது. அகஸ்ரீனா ஊர்ச்சனம் யாருக்குமே அதைச் சொன்னதில்லை.

அவள் எவ்வளவு நேரமாக நிற்கிறாள், எவ்வளவு கேட்டாள் என்பதை அவளுடைய முகமே சொல்லியது.

சிஞ்ஞோராவின் கண்ணிலும் அவள் பட்டுவிட்டாள். "ஓ, நீங்களும் சிலோனா? அகஸ்ரீனாவை உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும். என்னுடைய அக்கா. ஒரே ஊர்."

"ஒரே ஊரா! அப்படியென்றால் நீங்களே சொல்லுங்கள், அவருடைய அப்பாவின் கறுவாத் தோட்டத்தை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?"

சனம் முழுக்கத் திரும்பி றோசமலரைப் பார்த்தது. சட்டிக்குள் கரண்டி நின்றுவிட்டது. அந்த நேரத்தில் அகஸ்ரீனா வாயைத் திறந்திருக்கலாம். பிறகு எத்தனையோ முறை அதைத்தான் நினைத்து நினைத்துப் புழுங்கினாள். அவள் திறக்கவில்லை. றோசமலரைப் பார்த்தாள். அவ்வளவுதான் செய்தாள். அந்தப் பார்வையில் என்ன இருந்தது என்று அவளுக்கே தெரியும். கெஞ்சல்.

றோசமலர் ஒருமுறை றெபேக்காவைப் பார்த்தாள். பிறகு சிஞ்ஞோராவிடம், "ஓம்... சீ. பெரிய தோட்டம்," என்றாள். "எங்கள் இரண்டு பேருடைய அப்பாமாரும் அதில்தான் வேலை செய்தவர்கள்."

கைதட்டினார்கள். சிஞ்ஞோரா ஒரு மண் கிண்ணத்தில் பியாங்கோமாஞ்சாரே போட்டு றோசமலரிடம் நீட்டினார். அவள் நின்ற நிலையில் கிழவருக்கு ஊட்டி, தானும் ஒரு வாய் எடுத்தாள். கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது தமிழில், மெல்ல, "நல்லா வந்திருக்கு அக்கா. அடிப்பிடிக்கப் போகுது, பாருங்கோ," என்றாள். நாற்காலியைத் திருப்பித் தள்ளிக்கொண்டு குதிரைகள் நின்ற பக்கம் போய்விட்டாள்.

உண்மையிலேயே சட்டி அடிப்பிடித்துத்தான் இருந்தது.

பேசாலையில் கறுவா முளைக்காது. அது மணலும் பனையுமான நிலம். சூசைப்பிள்ளையும் மரியானும் கூடப்பிறந்த சகோதரர்கள், ஒரே வள்ளத்தில் கடலுக்குப் போனவர்கள். மூத்தவரின் மகள் அகஸ்ரீனா, இளையவரின் மகள் றோசமலர். ஒரு வாடைக்காற்றுக் காலத்தில் வள்ளம் கவிழ்ந்தது. மரியான் மூச்சடங்கிப் போனபிறகும் சூசைப்பிள்ளை தம்பியை விடவில்லை. கவிழ்ந்த வள்ளத்தோடு வலைக்கயிற்றால் கட்டி, தானும் அதைப் பற்றிக்கொண்டு விடியும்வரை மிதந்தார். வேறு வள்ளக்காரர் கண்டு கரை சேர்த்தபோது அவருடைய விரல்களைக் கயிற்றிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரிக்கவேண்டியிருந்தது. அதன்பிறகு இரண்டு வீட்டுக்கும் அவர் ஒருவரே கடலுக்குப் போனார். அகஸ்ரீனாவின் பள்ளிக்கூடப் படிப்பும் றோசமலரின் படிப்பும் அந்த மீனில்தான் நடந்தன.

வெள்ளை வேட்டியும் பித்தளைத் தராசும் யாருடையவை என்று அகஸ்ரீனாவுக்கு அன்று வீட்டுக்குப் போகும் பஸ்ஸில்தான் நினைவு வந்தது. அவை மன்னார்ப் பட்டினத்தில் பலசரக்குக் கடை வைத்திருந்த முதலாளியுடையவை. அப்பா அரிசி வாங்கப் போனால் அந்த முதலாளி உள்ளே வர விடமாட்டார். "அங்கையே நில்லும், சாமானெல்லாம் மீன் வெடுக்கு ஏறிப்போம்," என்பார். அப்பா வெயிலில், வாசலில் நிற்பார். சின்னப் பிள்ளையாக அவர் கையைப் பிடித்துக்கொண்டு அவளும் நின்றிருக்கிறாள். அப்பாவை வாசலில் நிறுத்தியவனை எடுத்து அவள் தனக்கு அப்பாவாக்கியிருந்தாள்.

பஸ்ஸில் பக்கத்தில் இருந்த றெபேக்கா தன் ஃபோனில் தாயின் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டு வந்தாள். அகஸ்ரீனா முகத்தைக் கண்ணாடிப் பக்கம் திருப்பிக்கொண்டாள். காது மடல்வரை சுட்டது.

அடுத்த ஞாயிறு தமிழ்ப் பூசையில் றோசமலர் வழக்கம்போல இரண்டாம் வரிசையில் இருந்தாள். சமாதானம் சொல்லும் நேரத்தில் திரும்பி அகஸ்ரீனாவுக்குக் கைகொடுத்தாள். கை வழக்கம்போலத்தான் இருந்தது. ஆனால் நற்கருணைக்கு எல்லோரும் எழுந்து வரிசையில் போனபோது றோசமலர் எழவில்லை. முழங்காலில் நின்றபடி தலையைக் குனிந்துகொண்டாள். வரிசையில் போய்க்கொண்டிருந்த அகஸ்ரீனாவின் சேலை அவளுடைய தோளில் உரசியது.

அதற்கடுத்த ஞாயிறும் அவள் எழவில்லை. அதற்கடுத்ததும். பூசை முடிந்து வாசலில் நின்ற பெண்கள், "என்ன றோசமலர், நன்மை எடுக்காமல் இருக்கிறாய்?" என்று கேட்டார்கள். "மனசு சரியில்லை அக்கா," என்றுவிட்டு அவள் போய்விட்டாள்.

ஒரு பொய், அதுவும் வேறொருத்திக்காகச் சொன்னது. அதற்கு அவள் ஆண்டவருக்கு முன்னால் போகக் கூசிக்கொண்டிருந்தாள். தான் எத்தனை கூடலில், எத்தனை பேருக்கு முன்னால், எத்தனை முறை சொன்னாள்? ஒரு ஞாயிறாவது நற்கருணை எடுக்காமல் இருந்தாளா? அகஸ்ரீனா அந்தக் கேள்வியோடு வீட்டுக்குப் போனாள், சமைத்தாள், பீலிக்ஸுக்குச் சோறு போட்டாள். "என்ன, முகம் ஒரு மாதிரிக் கிடக்கு?" என்று அவன் கேட்டதற்குத் தலையிடி என்றாள். அதுவும் பொய்.

ஒரு செவ்வாய்க்கிழமை, சிஞ்ஞோராவின் வீட்டில் இருவரும் வாதுமைப் பருப்புக்குத் தோல் உரித்துக்கொண்டிருந்தபோது அவள் சொல்லிவிட்டாள். சுற்றி வளைக்கத் தெரியவில்லை. அப்பா மீனவர், தோட்டம் இல்லை, தராசு இல்லை, திப்பிலி இருமல் மருந்து.

சிஞ்ஞோரா உரிப்பதை நிறுத்தினார். அவருடைய முகம் முதலில் வெளுத்து, பிறகு சிவந்தது.

"நான் கேட்டேன். நீ ஆம் என்றாயே."

"ஆம் என்றேன்."

"நான் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன், அகஸ்ரீனா. ஒரு தக்காளி விதை உள்ளே வராமல் பார்த்துக்கொண்டவள் நான்."

அகஸ்ரீனா தலையைத் தூக்கவில்லை. சிஞ்ஞோரா எழுந்து யன்னலடிக்குப் போய் நின்றார். திரும்பி வந்தபோது குரல் தணிந்திருந்தது. செப்டெம்பரில் ஸ்ஃபெர்ராகவால்லோவில் கடலோரக் கூடல் இருக்கிறது. அறிவித்தலில் இந்தக் கதை ஏற்கெனவே போய்விட்டது. இந்த ஒருமுறை இருக்கட்டும். பிறகு மெல்ல மெல்ல அந்தப் பேச்சை விட்டுவிடலாம். யாருக்கும் சங்கடம் வேண்டாம். "சம்மதமா?"

இந்த இடத்தில் மறுத்திருந்தால் அகஸ்ரீனாவுக்குத் தன்மேல் கொஞ்சம் மதிப்பு மிஞ்சியிருக்கும். ஆனால் சிஞ்ஞோராவைக் கூனிக்குறுகச் செய்துவிட்டோமே என்ற தவிப்பில் அவள், "சீ, சிஞ்ஞோரா," என்றாள். படியிறங்கித் தெருவுக்கு வந்தபிறகுதான் தான் சொன்னது என்னவென்று உறைத்தது. உண்மையைச் சொல்லப்போய், பொய்க்கு இன்னொரு தவணை வாங்கிக்கொண்டு வந்திருந்தாள்.

செப்டெம்பர் கூடல் கடலுக்குப் பக்கத்திலேயே நடந்தது. வலைகள் காய்ந்துகொண்டிருந்தன, அப்பால் நிறம் பூசிய வள்ளங்கள் ஆடின. சனத்தில் பாதிப்பேர் அந்த ஊர் மீனவக் குடும்பங்கள். அன்று மீன்தான் முக்கியச் சாப்பாடு. அகஸ்ரீனா சூடையைப்போலிருந்த சின்ன மீன்களைத் தலை கிள்ளி, முள் எடுத்து, ஒரே இழுப்பில் குடல் நீக்கி அடுக்கிக்கொண்டிருந்தாள். கயிற்றுக்கப்பால் நின்ற ஒரு மீனவப் பெண் பக்கத்திலிருந்தவளிடம், "பார், கறுவா வியாபாரியின் மகள் எவ்வளவு வேகமாக மீன் வெட்டுகிறாள்," என்று சொன்னாள். அதில் குத்தல் இல்லை, வியப்புத்தான். அகஸ்ரீனா கையிலிருந்த மீனைக் கீழே வைத்தாள்.

சிஞ்ஞோரா அறிமுகத்தைத் தொடங்கினார். இந்த முறை வேகமாக, அவளுடைய பக்கம் பாராமல். "எங்கள் சமையற்காரி சிலோனிலிருந்து... வாசனைச் சரக்கு..."

"இல்லை," என்றாள் அகஸ்ரீனா.

குரல் போதவில்லை. முன்னால் நின்றவர்களுக்கு மட்டும் கேட்டது. சிஞ்ஞோரா நிறுத்திவிட்டார். அகஸ்ரீனா மீன் செதில் ஒட்டிய கையோடு எழுந்து நின்றாள். சொல்ல நினைத்து வைத்திருந்த வசனங்கள் ஒன்றும் வாயில் வரவில்லை. உடைந்த இத்தாலிய மொழியில், "என் அப்பா மீனவர்," என்றாள். "சூசைப்பிள்ளை. அவருடைய தம்பி மரியான். ஒரே வள்ளம். சித்தப்பா கடலில் இறந்தார். தோட்டம் நான் சொன்ன பொய். சிஞ்ஞோராவுக்குத் தெரியாது."

கடைசி வசனம் மட்டும் முழு உண்மை அல்ல என்று சொல்லும்போதே அவளுக்குத் தெரிந்தது. வாயிலிருந்து போய்விட்டது.

இது நிகழ்ச்சியில் ஒரு பகுதியோ என்று நினைத்து ஓரமாக யாரோ கைதட்டத் தொடங்கி, மற்றவர்கள் தட்டாததைக் கண்டு நிறுத்தினார்கள். வங்கி மனேஜர் தன் இரும்புச் சட்டையை இழுத்துச் சரிசெய்தார். ஒரு குழந்தை பசிக்கிறது என்றது. அகஸ்ரீனா மறுபடி குந்தி மீனை எடுத்தாள். காதுக்குள் கடல் இரைவதுபோல இருந்தது. சிஞ்ஞோரா அவளுக்கு எதிரே முக்காலியில் அமர்ந்து வெங்காயம் நறுக்கத் தொடங்கினார். இருவரும் அன்று முழுக்க அடுப்பைப் பற்றித் தவிர வேறெதுவும் கதைக்கவில்லை.

றெபேக்காவுக்கு வீட்டில் சொன்னாள். அதுதான் எல்லாவற்றிலும் கடினமாக இருந்தது.

"அம்மப்பா மீன் பிடிச்சவர் எண்டால் நான் வெக்கப்படுவன் எண்டு நினைச்சனீங்களா?"

"இல்லைப் பிள்ளை. எனக்குத்தான் வெக்கம்."

"அவரிலயா?"

பீலிக்ஸ் சாப்பாட்டுக் கோப்பையைப் பார்த்தபடி இருந்தான். அவன் கல்யாணம் கட்டிய புதிதில் கேட்ட கேள்விதான், இத்தனை வருடத்துக்குப் பிறகு மகள் வாயில் வந்திருந்தது.

"ஓம்," என்றாள். "அவரிலதான். அதுதான் இப்ப தாங்கேலாமக் கிடக்கு."

றெபேக்கா எழுந்து போய்த் தன் அறைக் கதவைச் சாத்தினாள். ஓங்கி அடிக்கவில்லை, சாத்தினாள். சில நாட்கள் தாயோடு தேவைக்கு மட்டும் கதைத்தாள். பிறகு ஒருநாள் தானாக வந்து, மரியான் இறந்தபோது அம்மாவுக்கு எத்தனை வயது என்று கேட்டாள். அதிலிருந்து ஒவ்வொன்றாகக் கேட்கத் தொடங்கினாள்.

றோசமலரிடம் போக அகஸ்ரீனாவுக்கு இன்னும் நாளெடுத்தது. கிழவர் மத்தியான உறக்கத்தில் இருக்கும் நேரமாகப் பார்த்துப் போனாள். றோசமலர் பல்கணியில் துவைத்த விரிப்புகளைக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அக்காவைக் கண்டதும் கதிரையை இழுத்துப் போட்டு, தேத்தண்ணி வைக்கப் போனாள்.

"ஒண்டும் வேண்டாம், இரு," என்றாள் அகஸ்ரீனா. "நான் அங்கை உண்மையைச் சொல்லிப்போட்டன்."

"தெரியும். றெபேக்கா ஃபோன் எடுத்தவள்."

"என்னால நீ பொய் சொல்லவேண்டி வந்தது, றோசா. என்னை மன்னிச்சுக்கொள்."

றோசமலர் விரிப்பின் நுனியைக் கம்பியில் இழுத்து நேராக்கினாள்.

"நீங்கள் சொன்ன பொய்யை விடுங்கோ அக்கா. அது உங்கட. நான் எங்கட அப்பாவையும் கொண்டுபோய் அந்தத் தோட்டத்துக்குள்ள விட்டனே. சிஞ்ஞோரா பெரியப்பாவை மட்டும்தான் கேட்டவ. உங்கட முகத்தைப் பாத்தன், பக்கத்தில பிள்ளை நிண்டவள், என்ர வாயில இருந்து அது வந்திட்டுது. கடலில செத்தவரை நான் தோட்டத்தில வேலை செய்ய விட்டிட்டன். பிறகு எனக்குச் சோறு இறங்கேல்லை."

"கோயில் சுவாமியாரிட்டைப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகேல்லையே?"

"போன கிழமைதான் போனனான். அதுக்கு முதல் சுவாமியிட்டைச் சொல்ல வாய் வரேல்லை. சுவாமி என்ன நினைப்பார் எண்டு இல்லை. அப்பா கேட்டுக்கொண்டு நிக்கிறமாதிரி இருந்தது."

அகஸ்ரீனா கதிரையில் இருந்தபடியே முகத்தைப் பொத்திக்கொண்டாள். றோசமலர் கிட்ட வரவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. மிச்ச விரிப்புகளைக் காயப்போட்டு முடித்தாள். பிறகு உள்ளே போய், வேண்டாம் என்று சொன்ன தேத்தண்ணியைப் போட்டுக்கொண்டு வந்து வைத்தாள்.

"இனியும் அங்கை சமைக்கப் போவியளோ?"

"கூப்பிட்டால் போவன். எனக்கு அந்தச் சமையல் விருப்பம், றோசா. அதில பொய் இல்லை."

"போங்கோ, வேண்டாமெண்டு நான் சொல்லேல்லை," என்றாள் றோசமலர். "ஆனா என்னை வரச்சொல்லிக் கேட்காதேங்கோ."

அடுத்த வசந்தத்தில் சிஞ்ஞோரா கூப்பிட்டார். அறிமுகத்தில், "எங்கள் சமையற்காரி அகஸ்ரீனா," என்பதோடு நிறுத்திக்கொண்டார். முன்போல அவளைச் சுற்றி ஆட்கள் கூடவில்லை. நெருப்பைச் சுற்றி இருக்கும்போது ஊரைப் பற்றி யாரும் கேட்பதில்லை. கேட்டால் அவளுக்கு நோகும் என்று நினைக்கிறார்களோ, நம்பமுடியாது என்று நினைக்கிறார்களோ, அவளுக்குத் தெரியாது. சிஞ்ஞோரா மட்டும் ஒருமுறை, சட்டியை இறக்கும் நேரத்தில், "உன் அப்பா எந்த மீன் பிடிப்பார்?" என்று கேட்டார். அகஸ்ரீனா பாரை என்றாள், அறுக்குளா என்றாள், அவற்றுக்கு இத்தாலியப் பெயர் தெரியவில்லை என்றாள். சிஞ்ஞோரா தலையசைத்துவிட்டு உப்புப் பார்க்கச் சொன்னார்.

வெட்கம் போய்விட்டது என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை. ஞாயிறு பூசையில் றோசமலர் நற்கருணைக்கு எழுந்து போகும்போது, அகஸ்ரீனா சில கிழமைகளில் அவளுக்குப் பின்னால் போகிறாள். சில கிழமைகளில் எழ மனம் வராமல் இருந்த இடத்திலேயே இருந்துவிடுகிறாள்.